முகக்கவசமும் சீழ்பிடிக்கும் புண்ணும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அறுவை அரங்கில் முகக்கவசம் எதற்கு என்று கேட்டால், மருத்துவரின் வாயிலிருந்து தெறிக்கும் எச்சில் திறந்த புண்ணில் விழாமலிருக்க என்றே நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். அந்த விடைக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. பேசும்போது தெறிக்கும் நுண்துளிகளில் கிருமிகள் உயிரோடு இருப்பதைப் பிரெஸ்லாவ் நகரில் கிருமியியல் அறிஞர் கார்ல் ஃபிளுக்கே காட்ட, அதே நகரின் அறுவை மருத்துவர் யோகான் மிக்குலிச் 1897-இல் மெல்லிய துணியால் வாயை மூடிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார்.

கருத்தில் குறையில்லை. ஆனால் அதனால் புண்கள் சீழ்பிடிப்பது உண்மையில் குறைகிறதா என்பது வேறு கேள்வி. ஸ்வீடனில் டியூனெவால் என்ற ஆய்வாளர் 3,088 நோயாளிகளைக் கொண்டு, சில வாரங்கள் கவசத்தோடும் சில வாரங்கள் கவசமின்றியும் அறுவை நடக்கச் செய்து ஒப்பிட்டு, 1991-இல் முடிவுகளை வெளியிட்டார். கவசம் அணிந்த வாரங்களில் 4.7 விழுக்காட்டினருக்கும் அணியாத வாரங்களில் 3.5 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது. இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே நேரக்கூடும். ஆகவே கவசம் கெடுதல் செய்தது என்று வாதிடுவது பிழை, தொற்றைத் தடுத்தது என்று சொல்லவும் இதில் இடமில்லை.

காரணத்தைத் தேடினால் பார்வை நோயாளியின் தோல்மீதே விழுகிறது. புண்ணில் சேரும் கிருமிகளில் பெரும்பகுதி, குறிப்பாக ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், அவரது தோலிலிருந்தும் மூக்கிலிருந்துமே வருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மூக்கின்மேல் நழுவும் கவசத்தை மருத்துவர் முகத்தை அசைத்து அசைத்துச் சரிசெய்யும்போது, அது கன்னத்தில் உராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தோல் செதில்களை உதிர்க்கிறது, அவையும் கிருமிகளைச் சுமப்பவைதான்.

இதற்காகக் கவசத்தைக் கழற்றி எறியுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பீறிடும் இரத்தம் மருத்துவரின் வாயிலும் மூக்கிலும் படாமல் காப்பது அதுதான். செயற்கை மூட்டு பொருத்தும் அறுவையில், சிறு தொற்றும் பேரிழப்பாகும் இடத்தில், சோதித்துப் பார்க்கும் துணிவும் எனக்கில்லை. என் கவலை வேறு: முகத்தை மூடிவிட்டதால் கடமை முடிந்தது என்ற நிம்மதி அரங்கில் பரவிவிடக் கூடாது. சவரக்கத்தியால் முடியை மழிக்காமல் விடுவதும், ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தோலில் பூசி உலரவிடுவதும், நோயாளியின் உடல் குளிராமல் பார்த்துக்கொள்வதும் பலருடைய கண்ணில் படாத வேலைகள். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், தோலைக் கீறுவதற்கு முன் அரங்கிலுள்ள அனைவரையும் நிறுத்தி, கடந்த 60 நிமிடங்களுக்குள் தடுப்பு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டதா என்று உரக்கக் கேட்கச் சொல்கிறது. முகக்கவசத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.