அதிகாலை இரண்டு மணிக் கச்சேரி

நண்பர்களே, 1970 ஆகஸ்ட் கடைசியில் இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே இருக்கும் வைட் தீவில் ஒரு பெரிய ராக் இசைவிழா நடந்தது. ஆறு லட்சம் பேர் வரை வந்திருப்பார்கள் என்று சொல்வதுண்டு. தீவில் குடியிருந்தவர்களே சுமார் ஒரு லட்சம்தான். டிக்கெட் இல்லாதவர்கள் வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள். கடைசியில் இலவசம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

அந்தக் களேபரத்துக்கு நடுவே, 30ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிவாக்கில் 'தி ஹூ' குழு மேடையேறியது. பாட ராஜர் டால்ட்ரி, கிதாருக்கு பீட் டவுன்ஷெண்ட், தாழ்ந்த சுரங்களில் ஒலிக்கும் பேஸ் கிதாருக்கு ஜான் என்ட்விசில், டிரம்ஸுக்கு கீத் மூன். என்ட்விசில் எலும்புக்கூடு வரைந்த உடுப்பில் வந்திருந்தார். சரி, நமக்கு வேண்டியது அவருடைய விரல்கள்.

அன்று பெரும்பகுதி 'டாமி'தான். பார்வை, கேள்வி, பேச்சு மூன்றும் அடைபட்ட ஒரு சிறுவனின் கதையைப் பாட்டாலேயே சொல்லும் இரட்டை இசைத்தட்டு, 1969இல் வந்தது. ஸ்டுடியோவில் தனித்தனியாகப் பதிந்த ஒலித்தடங்களை ஒன்றின் மேல் இன்னொன்றாக அடுக்கிச் செய்தார்கள். என்ட்விசில் பிரெஞ்சு ஹார்ன்கூட ஊதினார். மேடையில் அதெல்லாம் ஏது? மூன்றே வாத்தியங்கள். ஆனால் கேட்டுப்பாருங்கள்: கிதார் தாளத்தைத் தாங்கிக்கொள்ள, பேஸ் மேலேறி மெட்டுக்குள் ஓடுகிறது. டிரம்ஸ் காலப்பிரமாணம் பிடிப்பதோடு நிற்காமல் டால்ட்ரியின் வரிக்கு வரி பதில் சொல்கிறது. ஸ்டுடியோத் தட்டைவிட எனக்கு இதுவே உயர்ந்தது. அங்கே கதை கேட்கிறது. இங்கே அந்தப் பையனின் மூச்சே கேட்கிறது.

'டாமி' முடியும் இடத்தில் பெரிய விளக்குகளைக் கூட்டத்தின் மேல் திருப்பினார்கள். அதுவரை இருட்டில் கிடந்த அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் வெளிச்சத்துக்கு வந்தன.

இந்தக் கச்சேரி முழுமையாக இரட்டை சிடியாக வந்தது 1996இல், 26 ஆண்டுகள் கழித்து. கீத் மூன் 1978லேயே, 32 வயதில், போய்விட்டார். அன்றைய மேடையில் அவருக்கு 24 நிறைந்து ஒரே ஒரு வாரம். அந்தக் கைகளின் வேகத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இப்போது முதல் பாட்டைப் போடச் சொல்கிறேன். என்ட்விசில் எழுதியது. பேஸ் எங்கே போகிறது என்று மட்டும் காது கொடுங்கள்.