ராபர்ட் தேய்ந்து பாப் ஆன கதை

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, மூட்டு வலியோடு மாடியேறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கதவைத் திறந்து வைத்த நூலகர் அம்மையார் அவர்களே, எனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கைக்காசில் வாங்கி வந்த செயலாளர் தம்பி அவர்களே, ஒலிபெருக்கியை ஊளையிடாமல் பார்த்துக்கொள்ளும் தோழரே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். பெயரைப் பற்றிப் பேச வந்தவனே பெயரை விட்டுவிட்டான் என்று நாளைக்குச் சொல்லிவிடாதீர்கள்.

ராபர்ட் என்ற ஒரே ஒரு பெயரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். அது பிறந்த இடம், அது பிழைக்கப்போன இடங்கள், அதற்குப் பிறந்த பெண்பெயர்கள்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். பின்வரிசையில் சிரிக்கிறார்கள். ஆமாம், போன கூட்டத்தில் சொன்ன அதே பழமொழிதான்.

பழைய ஜெர்மானிய மொழிகளில் 'ஹ்ரோத்' என்றால் புகழ், 'பெர்ஹ்த்' என்றால் ஒளி. இரண்டும் சேர்ந்த ஹ்ரோத்பெர்ஹ்த் என்பதைத் தமிழில் புகழொளி எனலாம். ஆல்பர்ட், கில்பர்ட், ஹெர்பர்ட் ஆகியோரின் வாலில் மின்னுவதும் அதே ஒளிதான். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மண்டி வில்லியமுக்கு அப்பா பெயரும் ராபர்ட், மூத்த மகன் பெயரும் ராபர்ட். படையோடு பெயரும் கடல் தாண்டியது. ஆங்கிலேயரிடம் அதே பெயருக்கு உள்ளூர் வடிவம் ஒன்று இருந்தும், வென்றவன் உச்சரிப்பே நிலைத்தது. ஜெர்மனியில் அது ரூப்ரெக்ட் ஆகி, கிறிஸ்துமஸ் காலத்தில் புனித நிக்கோலஸுக்குப் பின்னால் பிரம்போடு வரும் வேலைக்காரனுக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கிலாந்தில்தான் தேய்மானம் தொடங்கியது. ராபர்ட் ராப் ஆனான். ராப் ஹாப் ஆனான், டாப் ஆனான், கடைசியில் பாப் ஆனான். டாபிலிருந்து வந்த 'டாபின்' உழவுக் குதிரைக்குச் செல்லப்பெயர். அங்கே தேய்ந்தது கழுதையில்லை, குதிரை! செம்மார்புக் குருவிக்கு ராபின் என்று பெயர். ராபின்சன், டாப்சன், ஹாப்சன் எல்லாம் அவன் பிள்ளைகள். வேல்ஸில் 'ஆப் ராபர்ட்', அதாவது ராபர்ட்டின் மகன், ஒட்டிப்போய் ப்ரோபர்ட் ஆகிவிட்டது. 1829இல் லண்டன் காவல்படையை அமைத்த அமைச்சர் ராபர்ட் பீல் என்பதால் அங்கே போலீஸ்காரர் இன்றும் 'பாபி'.

நம் மண்ணுக்கும் ராபர்ட்டுகள் வந்தார்கள். 1606இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகரான நொபிலி, 1751இல் ஆற்காட்டைப் பிடித்த கிளைவ், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த புரூஸ் ஃபூட். நால்வரும் ராபர்ட். ஒருவர் கோட்டையைப் பிடித்தார், ஒருவர் கல்லைப் பொறுக்கினார். கல்லைப் பொறுக்கியவருக்குத்தான் என் ஓட்டு.

நாம் மறந்துபோன ஐந்தாவது ராபர்ட் ஒருவர் உண்டு. எனக்கு நான்காம் வகுப்பு எடுத்த வாத்தியார். ஊர்ப் பெரியவர்கள் வாயில் அவர் 'லாபட்டு சார்'. ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்று எங்களுக்குக் கற்பித்தவர், அந்த இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டுத் தம் பெயரை 'இராபர்ட்' என்றே எழுதுவார். வினை அங்கேதான் பிடித்தது. அவர் மகனுக்குப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் 'இ.'. கல்லூரிச் சான்றிதழில் 'ஆர்.'. குடும்ப அட்டையில் 'ரா.'.

வாத்தியார் காலமானபின் வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். துணைக்கு நானும் போனேன். எழுத்தர் மூன்று தாளையும் வரிசையாகப் பரப்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "தம்பி, உங்களுக்கு மொத்தம் எத்தனை அப்பா?" என்றார். பையன் முகம் சிவந்துவிட்டது. "ஒருவர்தான் ஐயா. அவருக்குத்தான் மூன்று எழுத்து" என்றான். "அப்படியானால் உறுதிமொழிப் பத்திரம் கொண்டுவாருங்கள்" என்றார். வெளியே மரத்தடித் தட்டச்சரிடம் போனோம். முத்திரைத்தாள் வாங்கி, வெயிலில் நின்று, அடித்து வாங்கி, மூச்சு வாங்க மாடியேறி வந்து நீட்டினோம். எழுத்தர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அதில் 'லாபர்ட்' என்று அடித்திருந்தது. நான்காவது அப்பா!

நீங்கள் சிரிக்கிறீர்கள். அவன் அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். புகழும் ஒளியும் சேர்த்துக் கட்டிய பெயர், ஒரு நல்ல மனிதருக்கு வைத்த பெயர், புள்ளி வைத்த ஓர் எழுத்தாகித் தாளுக்குத் தாள் மாறிக்கொண்டிருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது. கட்டெறும்புக்காவது ஆறு கால் இருக்கிறது, இனிஷியலுக்கு ஒரு புள்ளிதான்!

அதனால்தான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு திரிகிறேன். அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். அம்மா பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்பது மாதம் சுமந்தவளுக்கு ஓர் எழுத்துக்கூட இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? விண்ணப்பத்தில் கட்டம் போதவில்லை என்றால் கட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். திருமண அழைப்பிதழில் பட்டங்களுக்கெல்லாம் இடமிருக்கிறதே!

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். பெண்பெயர்களைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். ராபர்ட்டா என்று தொடங்கினால் இன்னும் அரை மணி ஆகும். அம்மா பெயருக்காகப் பேசியதை அதில் கழித்துக்கொள்ளுங்கள். வாசலில் வருகைப் பதிவேடு இருக்கிறது. உள்ளே வரும்போது 'எஸ்.', 'கே.' என்று கையெழுத்துப் போட்டவர்கள், போகும்போது முழுதாக எழுதிவிட்டுப் போங்கள். பக்கம் போதாது என்று நூலகர் அம்மையார் சொன்னார்கள். இரண்டு குயர் நோட்டு வாங்கி வந்திருக்கிறேன்.