கோபுர வாசலில் முளைத்த ஆலங்கன்று

மேடையை அலங்கரிக்கும் தலைவர் அவர்களே, ஆலய நிர்வாகத்தினரே, இன்றைய அன்னதானத்தை ஏற்ற உபயகாரர்களே, லிட்டில் இந்தியா வணிகப் பெருமக்களே, தாய்மார்களே, இடமில்லாமல் வாசலோரம் நிற்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

கோபுர தரிசனம் கோடி புண்ணியம். குயீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் வாசலைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: வரலாறு, சுற்றுலா, பராமரிப்பு. 1833இல் எழுந்த கோயில், பினாங்கின் மூத்த இந்துக் கோயில். 2008இல் இந்தக் கோயில் இருக்கும் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. அம்மனைக் கும்பிட வருபவரும் கேமராவோடு வருபவரும் முதலில் அண்ணாந்து பார்ப்பது கோபுரத்தைத்தான்.

அந்தக் கோபுரத்துக்கு எதிரி யார்? ஒரு காக்கை! எங்கோ ஆலம்பழம் தின்கிறது, ஏதோ ஒரு கோபுரத்தில் வந்து உட்கார்ந்து எச்சமிடுகிறது. முதல் மழையில் கோபுரப் பொம்மையின் காதுக்குப் பின்னால் இரண்டு இலை. நூல் மாதிரி வேர் சுதையின், அதாவது பொம்மை செய்த சுண்ணாம்புக் காரையின், விரிசலுக்குள் இறங்குகிறது. அதன் பின்னாலேயே மழைத் தண்ணீரும் இறங்குகிறது. சில வருஷத்தில் கீழே நிற்பவர் கண்ணுக்கே கிளை தெரிகிறது. "அட, சாமி தலையில் மரம்!" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார், ஒருவர் படம் எடுக்கிறார். அப்புறம்தான் ஏணி வருகிறது. ஏறினவர் வேகமாகப் பிடுங்குகிறார். தண்டு கையோடு வந்துவிடும், வேர் உள்ளேயே நிற்கும். அடுத்த மழைக்கு ஒன்று மூன்றாகத் துளிர்க்கும். பார்த்தவர்கள் இங்கேயே எத்தனை பேர் தலையாட்டுகிறீர்கள்!

விரிசலைச் சுற்றிக் கொஞ்சம் கொத்தி, வேரை முழுதாக எடுத்த பிறகுதான் பூச வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுதை மேல் சிமெண்டு பூசாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, சுதை பொருக்குப் பொருக்காகக் கழன்றுவிடும். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணல் மூன்று பங்கு. கடல்மணல் வேண்டாம், உப்பு. மெல்லிசாகப் பூசி, ஈரச்சாக்குப் போட்டு மெதுவாகக் காயவிடுங்கள். அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும். பாசியைத் தேய்க்க மெல்லிய தூரிகை போதும். தண்ணீரைப் பீய்ச்சும் இயந்திரம் பொம்மையின் மூக்கையும் விரலையும் கொண்டுபோய்விடும்.

கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்கிறோம், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, கும்பாபிஷேகத்துக்குத்தான் சாரம் கட்டி ஏறிப் பார்க்கிறோம். கன்று அதுவரை காத்திருக்குமா? வருஷா வருஷம், ஆடி முடிந்ததும், செப்டம்பர் மழைக்கு முன்னால், நிலை நிலையாக ஆள் ஏறிப் பார்க்க வேண்டும். கலசத்தின் அடி, யாளி வாய், பொம்மைகளின் முதுகு, மூன்றையும் விடக்கூடாது. ஒவ்வொரு நிலைக்கும் நான்கு பக்கமும் படம் எடுத்துத் தேதி போட்டு வைத்தால், போன வருஷ விரிசல் இந்த வருஷம் நீண்டதா என்று தெரியும்.

நிர்வாகத்தினரே, இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கித் தீர்மானம் போடுங்கள். இந்த வருஷ ஆடி முடிந்ததும் முதல் ஆள் ஏறட்டும். நன்றி, வணக்கம்.