தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு

(தண்டையார்பேட்டையில் மகளிர் தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, வெளி நோயாளிகளை முடித்துவிட்டு நேராக இங்கே ஓடி வந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, மூன்று கூட்டங்களுக்கு நடுவில் நமக்கு அரை மணி நேரம் ஒதுக்கிய மாமன்ற உறுப்பினர் அவர்களே, பள்ளிக்கூடத்து நாற்காலிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கப் போகிற தலைமையாசிரியை அவர்களே, காசு வாங்காமல் ஷாமியானா போட்டுக் கொடுத்த தம்பிகளே, முதல் வரிசை காலியாக இருக்கக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் என் மீன்காரத் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தினீர்கள், மகிழ்ச்சி. அடுத்த முறை ஈரிழைத் துண்டு போடுங்கள், வீட்டில் உபயோகப்படும்.

முப்பத்தோரு வருஷம் செவிலியராக இந்தத் தெருக்களில் நடந்தவள் நான். கர்ப்பம் தரித்திருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது, எப்போது டெஸ்ட் எடுப்பது என்று பேசச் சொன்னார்கள். ஐந்து விஷயம் சொல்கிறேன்: அறிகுறி, டெஸ்ட் எடுக்கும் நாள், எடுக்கும் முறை, சாப்பாடு, வீட்டு ஆண்கள் செய்ய வேண்டியது.

முதல் அறிகுறி நாள் தள்ளிப்போவது. மாதாமாதம் சரியாக வருகிறவளுக்கு அதைவிடப் பெரிய தகவல் இல்லை. அப்புறம் மார்பு கனத்து வலிக்கும். காரணமில்லாமல் அசதி. நேற்றுவரை பிடித்த வாசனை இன்று குமட்டும். சினிமாவில் காட்டுகிற மாதிரி வாந்தி முதலில் வருவதில்லை. பெரும்பாலும் கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி ஆறாவது வாரம் வாக்கில்தான் மசக்கை தொடங்கும், சிலருக்கு வரவே வராது. சிலருக்கு நாள் வரவேண்டிய சமயத்தில் இரண்டு சொட்டு கறை படும், அதை மாதவிலக்கு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அடிக்கடி சிறுநீர் வரும். இந்தக் கடைசி அறிகுறியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இதையெல்லாம் மாமியாரிடம் சொல்ல வெட்கம், கடையில் கர்ப்பம் பார்க்கிற கிட், அதாவது டெஸ்ட் கார்டு, கேட்க வெட்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா அம்மா?

ஒரு கதை சொல்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். காசிமேட்டில் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்கிற பெண். ஒரு நாள் கூடையைத் திறந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து மீன் வாடையில் வளர்ந்தவள்! பக்கத்துக் கூடை ஆயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நெத்திலியைக் கூறு போட்டுக்கொண்டே, "இன்னாடி, முழுகாம கீறியா?" என்று கேட்டுவிட்டது. மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிட்டது, இவளுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

மருந்துக்கடைக்காரர் புருஷனுக்குச் சேக்காளி, அங்கே எப்படிப் போய்க் கேட்பது? கொழுந்தனைக் கூப்பிட்டு, ஐம்பது ரூபாயைக் கையில் திணித்து, "கார்டு வாங்கினு வா" என்றாள். என்ன கார்டு என்று சொல்ல நாக்கு வரவில்லை. அவன் ஓடிப்போய் வாங்கி வந்தான், ஐம்பது ரூபாய் ரீசார்ஜ் கார்டு! (சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது.) சிரிக்காதீர்கள், அதோடு முடியவில்லை. அவன் நல்ல பிள்ளை, சுரண்டி நம்பரையும் போட்டுவிட்டான். "அண்ணி, பேலன்ஸ் ஏறிடுச்சு" என்கிறான். அண்ணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கடைசியில் ஒரு சிநேகிதி கிட் வாங்கிக் கொடுத்தாள். இவள் எப்போது டெஸ்ட் எடுத்தாள் தெரியுமா? சாயங்காலம். காலையில் எடுக்க வழியில்லை. ராத்திரி இரண்டரை மணிக்குக் கிளம்பினால்தான் ஏலத்துக்குப் போய்ச் சேர முடியும். எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ், அதற்கும் தாழ்ப்பாள் இல்லை, கயிறுதான். சாயங்காலம் வீடு திரும்பி, நாள் முழுக்கக் காய்ந்த தொண்டைக்கு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு எடுத்தாள். நாள் தள்ளி இரண்டே நாள். ஒரே கோடு. இல்லை என்று நம்பி, தலையில் கூடையோடு இரண்டு மாதத்துக்கு மேல் அலைந்தாள். சிறுநீர் அடிக்கடி வந்தது, எரிந்தது. சூடு என்று இளநீர் குடித்தாள். மார்க்கெட்டில் மயங்கி விழுந்த பிறகுதான் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று மாதக் கர்ப்பம், கூடவே சிறுநீர்த் தொற்று. தாயும் பிள்ளையும் தப்பித்தார்கள்.

அந்தக் கார்டு ஏன் பொய் சொன்னது? அது பொய் சொல்லவில்லை. கரு கர்ப்பப்பையில் ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊறும். சிறுநீரில் அது இருக்கிறதா என்றுதான் கார்டு பார்க்கிறது. ஆரம்பத்தில் ஏறக்குறைய இரண்டு நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். முந்திக்கொண்டு பார்த்தாலோ, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் பார்த்தாலோ கார்டுக்கு அது எட்டாது. நாள் தள்ளிய அன்றே பார்க்கலாம், ஒரு வாரம் பொறுத்தால் இன்னும் நம்பகம். நாள் ஒழுங்கில்லாதவர்கள் கடைசியாகப் புருஷனோடு சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பாருங்கள். காலையில் முதல் சிறுநீர் நல்லது. முடியாவிட்டால் மூன்று நான்கு மணி நேரம் அடக்கிவிட்டு எடுங்கள். ஒரு தடவைக்குத்தான் சொல்கிறேன், தினமும் அடக்கச் சொல்லவில்லை.

கார்டு உறைமேல் எழுதியிருக்கிற அளவு சொட்டு விடுங்கள், அதில் போட்டிருக்கிற நேரத்தில் பாருங்கள், பெரும்பாலும் ஐந்து நிமிடம். சி என்ற இடத்திலும் டி என்ற இடத்திலும் கோடு வந்தால் கர்ப்பம், டி கோடு மங்கலாக இருந்தாலும் சரி. சி-யில் கோடே வராவிட்டால் கார்டு கெட்டது, வேறு எடுங்கள். இல்லை என்று காட்டியும் நாள் வராவிட்டால் ஒரு வாரத்தில் திரும்பப் பாருங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல் என்றால் கார்டு பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். நம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெஸ்ட் இலவசம். கர்ப்பிணிகளுக்கு அரசு பணம் கொடுக்கிற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் உதவி வேண்டுமானாலும் 12 வாரத்துக்குள் பதிய வேண்டும், அதற்கும் முதலில் தெரிந்தாக வேண்டுமே.

இப்போது சிறுநீருக்கு வருகிறேன். தாய்மார்களே, நம் மார்க்கெட் தெருவில் பொழுது விடிந்து சாயும்வரை உட்காருகிற பெண்கள் எங்கே போகிறார்கள்? போவதில்லை. போகக்கூடாது என்றே தண்ணீர் குடிப்பதில்லை. அடக்கி அடக்கித் தொற்று வருகிறது. அப்புறம் அடிக்கடி வருவது கர்ப்பமா தொற்றா என்று அவளுக்கே தெரிவதில்லை. கர்ப்பத்தில் அந்தத் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம்வரை ஏறும், குறைமாதத்தில் வலி கண்டுவிடும். வாடை, மயக்கம், கார்டு, எதைப் பற்றி நான் பேசினாலும் கடைசியில் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவில்தான் வந்து நிற்கிறேன்.

கட்டிடம் ஒன்று இருக்கிறது. பூட்டும் இருக்கிறது. சாவி யாரிடம் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டோம். அங்கே கழிப்பறையே கிடையாது என்று பதில் வந்தது! பச்சைப் பெயின்ட் அடித்து, வாசலில் பெண் படம் வரைந்த கட்டிடம் ஐயா அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை ஏட்டில்தான் படித்திருந்தேன், அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். மாமன்ற உறுப்பினர் அவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்தால் போதாது, நாளைக் காலை என்னோடு வந்து பூட்டைப் பார்க்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று துண்டுச் சீட்டு வருகிறது. சாப்பாட்டைப் பற்றி மருத்துவர் அம்மா சொல்வார். போலிக் ஆசிட் மாத்திரையை மறக்காமல் அவரிடம் கேளுங்கள். ஆண்களுக்குச் சொல்ல வைத்திருந்ததை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன், இன்றைக்கு வந்திருக்கிற ஆண்கள் மைக்செட் தம்பிகள் மட்டும்தான். அந்தக் கழிப்பறையைத் திறக்கக் கேட்கும் மனு நோட்டு கடைசி வரிசை ஆயாவிடம் இருக்கிறது, நெத்திலி கூறு போட்ட அதே ஆயா. இருநூற்றுப் பதினான்கு கையெழுத்து சேர்ந்திருக்கிறது. கைநாட்டு வைக்கிறவர்களுக்கு மையும் வைத்திருக்கிறார். போட்டுவிட்டுப் போய் டீ குடியுங்கள்.