விரிசலுக்கு உயிர் இருக்கிறதா?

கேமராவைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். ஜன்னல் மூலையில் ஆரம்பித்து மேலே உத்தரம் வரைக்கும் படிப்படியாக ஏறுகிறதே, அந்த விரிசல்தான். தாத்தா கட்டிய வீடு, செங்கல், சுண்ணாம்புக் காரை, ஒன்றரை அடி கனச் சுவர்.

நான் சிவில் படித்தவன், ஆனால் படித்ததெல்லாம் கம்பியும் கான்கிரீட்டும். பார்த்ததுமே சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்றேன். பெரிய கொத்தனார் பதிலே சொல்லாமல் கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்து, பொக்கென்று சத்தம் வந்த இடத்தில் எல்லாம் கரித்துண்டால் வட்டம் போட்டார். அப்புறம் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டினார். "தம்பி, உயிர் இருக்கான்னு பார்த்துட்டுக் கை வைப்போம்." அது கார்த்திகை மாதம். சித்திரையில் கண்ணாடி உடைந்தது, அதாவது விரிசல் இன்னும் நகர்கிறது, அதற்கு உயிர் இருக்கிறது.

பழைய கட்டடங்களை ஆராய்கிற பொறியாளர்களும் இதையேதான் செய்கிறார்கள், கண்ணாடிக்குப் பதில் கட்டம் போட்ட இரண்டு தகடு, எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று எண்ணாகவே கிடைக்கும். எங்கள் டெல்டா களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும், சுவரும் கூடவே அசையும். சுண்ணாம்பு அந்த அசைவுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சிமெண்ட் கொடுக்காது, அதை வைத்து அடைத்தால் அடுத்த விரிசல் பக்கத்துச் செங்கல்லையே பிளந்துகொண்டு போகும். பின்கட்டில் பத்து வருஷத்துக்கு முன் சிமெண்ட் பூசினோம், ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து இப்போது செங்கல் மாவாக உதிர்கிறது!

விரிசல் என்றாலே விழப்போகிறது என்றும் அர்த்தமில்லை. ரோமில் புனித பேதுரு பேராலயக் குவிமாடம் விரிசல் விட்டபோது, 1743-ல் பொலேனி என்ற பேராசிரியர் ஒரு சங்கிலியில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டு, அந்த வளைவைத் தலைகீழாக்கிப் பார்த்தார். குவிமாடம் தன் பாரத்தைக் கீழே இறக்கும் பாதை அந்த வளைவுதான், அது குவிமாடச் சுவரின் தடிமனுக்குள்ளேயே அடங்கியது. அதனால் விழாது, இரும்பு வளையம் போட்டு இறுக்கினால் போதும் என்றார்.

கொத்தனாரோடு எனக்கு ஒரே ஒரு சண்டை. கடுக்காய், வெல்லத் தண்ணீர் கலந்த சுண்ணாம்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்கிறார். மொட்டைமாடித் தண்ணீர் முழுக்க இந்த மூலையின் அடியில்தானே கொட்டுகிறது, அதற்குக் கடுக்காய் என்ன செய்யும்? சரி, முதலில் குழாயைத் தள்ளி இறக்கிவிட்டோம். புதுக் கண்ணாடியும் ஒட்டியாயிற்று, தேதி இதோ கீழே எழுதியிருக்கிறேன். அடுத்த சித்திரை வரைக்கும் பூச்சு வேலை கிடையாது.