குத்தகைக்கு உழுகிறவருக்கும் அந்த 2,000 ரூபாய் வர வேண்டும்

(திருவாரூர் அருகே விவசாயிகள் கூட்டம் ஒன்றில் பேசியதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கிசான் பணம் என்று நாம் சொல்கிற பிரதமரின் கௌரவ நிதி 2019 பிப்ரவரியில் தொடங்கியது. வருடத்துக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு தடவை 2,000. முதலில் 2 ஹெக்டேருக்குள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்றார்கள், அந்த வருடமே வரம்பை எடுத்துவிட்டார்கள். ஒரு மூட்டை டிஏபி உரம் 1,350, ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் 50 காசு என்று கணக்குப் போட்டால் அந்த 2,000க்கு ஒரு டிஏபி, இரண்டு யூரியா வாங்கலாம், அவ்வளவுதான். ஆனால் மேலுரம் போடுகிற வாரத்தில் உரக்கடை வாசலில் கடன் சொல்லி நின்றவருக்குத்தான் அந்தத் தொகையின் அருமை தெரியும்.

சரி, அது யாருக்கு வருகிறது? பட்டாவில் பெயர் இருப்பவருக்கு. நம் பக்கத்தில் எத்தனை வேலி நிலம் கோயில் பெயரிலும் மடத்தின் பெயரிலும் இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனங்களின் நிலத்துக்கு இந்தத் திட்டத்தில் பணம் கிடையாது, அதில் மூன்று தலைமுறையாகச் சம்பா நடுகிறவருக்கும் கிடையாது. தனியார் நிலமென்றால், உரிமையாளர் வெளியூரில் வேலை பார்த்து வருமான வரி கட்டுகிறவராக இருந்தால் அவருக்கும் வராது, அதை உழுகிறவருக்கும் வராது. நெல் மட்டும் அந்த வயலிலிருந்து வருடா வருடம் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது.

போன மாதம் ஒரு பெரியவர் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே நான்காக மடித்த அடங்கல் நகல், அதாவது எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிற கணக்கு. மடிப்பு கிழிந்து பின்னால் டேப் ஒட்டியிருந்தது. ஒன்பது மா, சுமார் மூன்று ஏக்கர், குத்தகை. 'இதைக் காட்டிப் பயிர்க் காப்பீடு போட்டேன், இதைக் காட்டிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டேன், கிசான் பணத்துக்கு மட்டும் இது செல்லாதாம்' என்றார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காப்பீட்டுக்கு அவரை விவசாயி என்று ஒத்துக்கொள்கிற அரசு, உதவித்தொகை என்று வந்தால் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது?

ஆட்களைச் சரிபார்ப்பது கஷ்டம் என்பார்கள். 2020இல் என்ன நடந்தது? கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து 110 கோடி ரூபாய் வரை போய்விட்டதாக அரசே சொன்னது. நிலமே இல்லாதவர்கள் கணக்கிலும் பணம் ஏறியிருந்தது. அடங்கலை எடுத்துக்கொண்டு வயலில் போய்ப் பார்த்திருந்தால் அதுவும் நடந்திருக்காது, இந்தப் பெரியவரும் விடுபட்டிருக்க மாட்டார்.

மற்ற மாநிலங்களில் முயற்சி செய்திருக்கிறார்கள். ஒடிசாவின் காலியா என்ற விவசாயி உதவித் திட்டத்தில் பங்குச் சாகுபடிக்காரர்களையும் நிலமில்லாதவர்களையும் சேர்த்தார்கள். ஆந்திராவில் 2019இல் ரைத்து பரோசா என்ற உதவித்தொகைத் திட்டம் வந்தபோது பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகைதாரர்களுக்கும் கொடுத்தார்கள், எல்லாருக்கும் இல்லைதான், ஆனாலும் குத்தகைதாரர் என்று ஒருவர் இருப்பதையாவது ஏற்றுக்கொண்டார்கள்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தனிச் சட்டம் போட்டாயிற்று. வாய்ப்பேச்சுக் குத்தகையில் இருப்பவர் அதில் பதியப் போனால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது, அந்தப் பயம்தான். நிலக்காரருக்கும் ஒரு பயம், பெயர் ஏறினால் நிலம் போய்விடுமோ என்று. அதனால் உரிமையைத் தொடாமல், இந்தப் போகத்தில் பயிர் வைத்தவர் இவர் என்று மட்டும் சொல்கிற ஒரு சாகுபடிச் சான்று வேண்டும் என்கிறேன். ஆந்திராவில் அப்படி ஒரு அட்டை இருக்கிறது, பதினோரு மாதத்துக்குத்தான் செல்லும், நிலத்தின் மேல் எந்த உரிமையும் தராது.

அக்டோபர் 2 கிராம சபைக்கு அடங்கல் வைத்திருப்பவர்கள் அதோடு வாருங்கள், இல்லாதவர்கள் எந்த வயல், எத்தனை மா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன், இப்போது படிக்கிறேன். விட்டுப்போனது இருந்தால் நிறுத்திச் சொல்லுங்கள்.