கடுகுக் களவுக்கு எவ்வளவு தண்டனை?

(வணிகர் சங்க மாதக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, வியாபார நேரத்தில் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே, வணக்கம்.

தலைவர் என்னைக் கூப்பிட்டபோதே தலைப்பையும் கொடுத்துவிட்டார். "வக்கீல் சார், இந்தச் சில்லறைத் திருட்டுப் பயலுகளை என்னதான் செய்யது? பிடிச்சுக் கொடுத்தா மறுமாசமே நம்ம கடை முன்னால வந்து நிக்கான்." கூடவே ஒரு குத்தலும் சேர்த்தார். "நீங்கதான அவனுகளுக்கு ஜாமீன் எடுக்கீங்க!"

உண்மைதான். இருபது வருடத்துக்கும் மேலாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்கிறேன். திருடியவனுக்கும் வாதாடியிருக்கிறேன், பறிகொடுத்தவருக்காகவும் அலைந்திருக்கிறேன். என் வீட்டுத் தண்ணீர் மோட்டாரையே ஒருவன் கழற்றிக்கொண்டு போனான். அன்று காலையில் எனக்கு எந்தச் சட்டப் பிரிவும் ஞாபகம் வரவில்லை. அவன் கையில் கிடைத்தால் என்ன செய்யலாம் என்பது மட்டும்தான் ஓடியது. அதனால் உங்கள் கோபம் எனக்குப் புரியாது என்று நினைக்க வேண்டாம்.

"கடுகு களவும் களவுதான், கற்பூரம் களவும் களவுதான்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பாவக் கணக்குக்கு அது சரி. தண்டனைக் கணக்குக்குச் சரியா? சட்டமே இதில் இப்போது மனம் மாறியிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 379-ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. கடுகுக்கும் அதே, கற்பூரத்துக்கும் அதே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 303-ஆம் பிரிவு. அதில் புதிதாக ஒரு வரி வந்திருக்கிறது. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் தடவை தண்டனை பெறுகிறவன், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் அவனுக்குச் சிறை இல்லை. சமூக சேவைதான் தண்டனை. அதே பிரிவில், இரண்டாவது தடவை தண்டனை பெற்றால் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் கடுங்காவல். முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் பாருங்கள்.

உடனே சந்தோஷமோ வருத்தமோ பட வேண்டாம், இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 305 என்று பக்கத்திலேயே இன்னொரு பிரிவு. வீட்டுக்குள்ளோ, பொருள் பாதுகாத்து வைக்கும் கட்டடத்துக்குள்ளோ திருடினால் ஏழு வருடம் வரை. அண்ணாச்சி, உங்கள் கடை பொருள் பாதுகாக்கும் கட்டடம்தானே? ஆக, வாசலில் கயிற்றில் தொங்கும் வாழைப்பழத்தை ஒருவன் பிய்த்துக்கொண்டு ஓடினால் 303, தெருக் கூட்டினால் போதும். அதே ஆள் இரண்டு எட்டு உள்ளே வைத்து ஒரு சோப்புக்கட்டியை எடுத்தால் 305 என்று போடலாம். எந்தப் பிரிவு என்பதைக் காவல் நிலையத்தில் எழுதுகிறவர் பேனாதான் முதலில் முடிவு செய்கிறது.

இந்த ஐயாயிரம் ரூபாய்க் கோட்டிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இந்த வகைத் திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் நேரடியாக விசாரணையில் இறங்க முடியாது என்று, வழக்கு நடத்தும் முறையைச் சொல்லும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. திருடியது முதல் தடவையா என்று புகார் வந்த அன்றைக்கு யாருக்குத் தெரியும்? அதெல்லாம் பார்க்காமல் வழக்குப் பதியாமல், புகார் வந்தது என்பதற்கு மட்டும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மாவின் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் செல்போன் சட்டத்தின் கண்ணில் கடுகு. அந்த அம்மாவுக்கு அது ஒரு வாரத்துக்கு மேற்பட்ட கூலி, பிள்ளையின் பள்ளிக்கூட குரூப், சம்பளம் வந்து விழும் நம்பர், எல்லாமே.

தண்டனையைக் கூட்டினால் திருட்டு குறையும் என்று நினைக்கிறவர்களுக்கு இங்கிலாந்தின் கதை ஒன்று சொல்ல வேண்டும். 1699-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. கடையிலிருந்து ஐந்து ஷில்லிங் பொருளைத் திருடினால் தூக்கு. யார் போட வைத்தது? உங்களைப் போன்ற கடைக்காரர்கள்தான். என்ன ஆனது? ஜூரிகள் உட்கார்ந்து, பத்து ஷில்லிங் துணியைக்கூட "இதன் மதிப்பு நாலு ஷில்லிங் பத்து பென்ஸ்தான்" என்று தீர்ப்பு எழுதினார்கள். ஒரு துணிக்காக ஒருவனைத் தொங்கவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. எப்படியும் தூக்குதானே என்று பல கடைக்காரர்கள் புகார் கொடுக்கவே தயங்கினார்கள். 1820-களில் அந்தத் தண்டனையை எடுத்தார்கள்.

நம் ஊரில் வேறு மாதிரி. பையன் கையும் களவுமாக மாட்டினால் கோர்ட் வரைக்கும் போவானேன் என்று மின்கம்பத்திலேயே தீர்ப்பு நடக்கிறது. கட்டி வைத்து நாலு அடி, அப்புறம் வீடியோ, அப்புறம் வாட்ஸ்அப். இங்கே யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை, நீங்களும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டாம். சட்டப்படி, கண் முன்னால் ஜாமீனில் விட முடியாத குற்றம் நடந்தால் பொதுமக்களில் யாரும் பிடிக்கலாம். பிடித்தவர் தாமதிக்காமல், ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். அடிக்கிற உரிமை எந்தப் பிரிவிலும் இல்லை. 2018 பிப்ரவரியில், நம் கோவைக்குப் பக்கத்தில் அட்டப்பாடியில், அரிசி திருடினான் என்று ஒரு பழங்குடி இளைஞரின் கையைக் கட்டி அடித்தார்கள். கட்டுண்டு நின்றவரோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள். அவர் இறந்துபோனார். 2023-இல் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்று கோர்ட் சொன்னது.

காக்கி உடுப்பு போட்டவர் அடித்தாலும் கதை அதேதான். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்குக் கொண்டுபோன கோயில் காவலாளி உயிரோடு வீடு திரும்பவில்லை.

சரி, திரும்பத் திரும்பத் திருடுகிறவனுக்கு வருவோம். தலைவருக்கு உண்மையான தலைவலி அவன்தான்.

என்னிடம் ஒரு பையன் வந்தான், பெயர் வேண்டாம். பத்தொன்பது வயதில் பஸ் ஸ்டாண்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் பையிலிருந்து செல்போனை எடுத்தான். மாட்டினான். ஒப்புக்கொண்டான். ஜாமீனுக்கு இரண்டு பேர் வீட்டு வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவன் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை, குடியிருப்பது வாடகை வீடு. ஜாமீன்தார் கிடைக்க நாற்பது நாள் ஆனது. அந்த நாற்பது நாளில் சைக்கிள் பூட்டு திறக்கத் தெரியாதவனுக்கு பைக் பூட்டு திறக்கச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது. வெளியே வந்ததும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். நல்ல விஷயம்தானே? ஆனால் இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை, பிடிவாரண்ட். வேலை போனது. ஊருக்கு வந்த பிறகு பஸ் ஸ்டாண்டில் எது காணாமல் போனாலும் முதலில் இவன் வீட்டுக் கதவுதான். அவன் மேல் போட்ட இரண்டாவது வழக்கில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. மூன்றாவதில் சந்தேகம் இல்லை, அவன்தான் எடுத்தான். ஏண்டா என்று கேட்டேன். "எடுக்காட்டியும் தூக்கிட்டுத்தான சார் போறாங்க. அதுக்கு எடுத்துட்டே போலாம்ல" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நாம் சாதாரணமாகத் திட்டப் பயன்படுத்தும் 'கேடி' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? போலீஸ் பதிவேட்டில் 'அறியப்பட்ட கொள்ளையன்' என்ற பொருளில் இருந்த ஆங்கிலத் தொடரின் முதல் எழுத்துகள், கே, டி. ஸ்டேஷன் ரிஜிஸ்டரில் இருந்து இறங்கித் தெருவுக்கு வந்த வார்த்தை. பதிவேட்டில் ஏறுவது சுலபம், இறங்குவது கஷ்டம்.

தனி மனிதனுக்கு மட்டுமில்லை, சாதி சாதியாகவே பெயர் எழுதிய காலம் ஒன்று இருந்தது. 1871-இல் வெள்ளைக்காரன் வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பக்கத்தில் கைரேகைச் சட்டம் என்பார்கள். களவே செய்யாதவனும் ரேகை வைக்க வேண்டும், இரவில் ஊரைவிட்டு வெளியே போகச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-இல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்ற கள்ளர் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். பதினாறு பேர் செத்தார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது. மறு வருடமே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று வேறொன்று வந்தது. சில சமூகங்கள்மீது இருந்த சந்தேகக் கண் மட்டும் மாறவே இல்லை. 'வழக்கமான குற்றவாளி' என்று ஒருவனைச் சிறைக் கையேடுகள் அவன் பிறந்த கூட்டத்தைப் பார்த்து வகைப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். முதல் திருட்டுக்குப் பதில் சின்னதாக இருக்கட்டும், ஆனால் தப்பாமல், உடனே வரட்டும். இன்றைக்கு நடப்பது தலைகீழ். முதலில் நாற்பது நாள் சிறை, அப்புறம் நாலு வருடம் வாய்தா, கடைசியில் சாட்சி வராமல் விடுதலை. தண்டனை முன்னால், தீர்ப்பு பின்னால்! 20,000 ரூபாய் வரையுள்ள திருட்டைச் சுருக்க விசாரணையில் முடிக்கலாம் என்று புதிய நடைமுறைச் சட்டம் வழி விட்டிருக்கிறது. முதல் குற்றவாளியை எச்சரித்து விடுவிக்கவோ, நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பில் விடவோ 1958 முதலே சட்டம் இருக்கிறது. திருட்டுப் பிரிவுகளை அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்டு வாதாடாத குறை எங்கள் வக்கீல்கள் பக்கமும் உண்டு.

இரண்டாவது, மூன்றாவது தடவை வருகிறவனை என்ன செய்வது? உள்ளே தள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீடு புகுகிறவன், சங்கிலி அறுக்கிறவன், அவனை அடைத்தால்தான் தெரு தூங்கும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வருடத்தை அடுக்கினால் கலிஃபோர்னியாவில் நடந்ததுதான் நடக்கும். 1994-இல் 'மூன்றாவது தடவை' சட்டம் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே தண்டனை பெற்ற ஒருவர் இரண்டு கடைகளில் ஒன்பது வீடியோ கேசட் எடுத்தார், மொத்தம் நூற்றைம்பது டாலர் சொச்சம். ஐம்பது வருடத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை. 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று அதை உறுதி செய்தது. 2012-இல் அந்த மாநில மக்களே ஓட்டுப் போட்டு அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். ஒன்பது கேசட்டுக்காக ஒரு மனிதனுக்கு அரசு ஐம்பது வருடம் சோறு போடுவது எந்த வியாபாரக் கணக்கில் சேரும், நீங்களே சொல்லுங்கள்.

திரும்பத் திருடுகிறவனிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "யாரிடம் விற்றாய்?" குடிக்காகத் திருடுகிறவனும் உண்டு, அவனுக்கு ஜெயிலைவிட மருத்துவமனை பயன்படும். ஆனால் தொழிலாகச் செய்கிறவனுக்கு வாங்க ஆள் வேண்டும். என் மோட்டாரில் இருந்த செம்புக் கம்பியை அவன் தின்றானா? காயலான் கடைக்குத்தான் போயிருக்கும். திருட்டுப் போன் சர்வீஸ் கடைக்குப் போகும், நகை அடகுக்குப் போகும். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் மூன்று வருடம் வரை சிறை, 317-ஆம் பிரிவு. (கூட்டத்தில் சலசலப்பு.) பாதி விலைக்கு வருகிற பொருள் ஏன் பாதி விலைக்கு வருகிறது என்று கேட்காத கடை இருக்கும்வரை, ஒருவன் உள்ளே போனால் அவன் இடத்துக்கு இன்னொருவன் வருவான். போன் தொலைந்தால், அதை முடக்க அரசு நடத்தும் சி.இ.ஐ.ஆர். இணையதளத்தில் அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணைக் கொடுத்து முடக்கச் சொல்லுங்கள். முடங்கிய போனை வாங்க எவனும் காசு கொடுக்க மாட்டான். கேமரா வைத்திருப்பவர்கள், திருட்டு நடந்த அன்றே பதிவை வேறொன்றில் எடுத்து வையுங்கள். சில வாரத்தில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கோர்ட்டில் கொடுக்கும்போது அதற்குச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சமூக சேவை என்று சட்டம் எழுதிவிட்டது. எத்தனை நாள், எங்கே, யார் மேற்பார்வை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. இடம் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் எப்படி உத்தரவு போடுவார்? அரசு ஆஸ்பத்திரி, நூலகம், நீங்கள் பராமரிக்கும் தெப்பக்குளம் என்று நாலு இடத்தை எழுதி, வேலையைக் குறித்து வைக்க ஒருவரையும் சொல்லி, சங்கம் ஒரு கடிதம் கொடுக்கலாம்.

பேச்சு முடிந்ததும் கேள்விகள் வந்தன. "அப்ப என் கடையில திருடினவனை என் கடை வாசலையே கூட்ட வைக்கலாமா?" என்று மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர் கேட்டார். முடியாது என்றேன். வேலை ஊருக்குப் பயன்பட வேண்டும், எங்கே என்பதைக் கோர்ட் சொல்லும். "கூட்டும்போது வீடியோ?" அதுவும் முடியாது.

பின்வரிசையில் ஒருவர் ரொம்ப நேரம் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "சார், போன வாரம் கொஞ்சம் செம்புக் கம்பி வாங்கினேன். கொண்டுவந்த ஆள் ரசீது எதுவும் தரல..." என்றார்.

"எடை எவ்வளவு?" என்று கேட்டேன். "என் மோட்டார் அளவுக்கு இருக்குமா?"

சிரித்தார். நாளைக் காலையில் கம்பியோடு ஆபீசுக்கு வரச் சொன்னேன், ஸ்டேஷனுக்குச் சேர்ந்தே போகலாம் என்று.